எந்தப் படபடப்பு எதனால்? இரும்புச்சத்துக் குறைவும் பதற்றமும் சேர்ந்திருந்த யாங்கோன் மாணவி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

பதின்பருவத்துப் பிள்ளை ஒன்று நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி, ஈசிஜியும் சரியாக இருந்துவிட்டால், அது பரீட்சைப் பயம் என்ற முடிவு பெரும்பாலும் அந்த அறையிலேயே எட்டப்பட்டுவிடுகிறது. அதற்கு நேர்மாறாக, ரத்தப் பரிசோதனையில் ஏதேனும் ஒரு சத்து குறைந்திருப்பது தெரிந்துவிட்டால், பிள்ளையின் எல்லாத் தொல்லைகளுக்கும் அதுவே காரணம் என்று மருந்துச் சீட்டு நீண்டுவிடுகிறது. இந்த இரண்டு அவசரங்களும் பிள்ளைக்கு உதவுவதில்லை. எந்தப் படபடப்பு எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்பதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்த பிறகே சிகிச்சை தெளிவான ஒரு நிகழ்வை இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன். மாணவியும் பெற்றோரும் இதற்கு இசைவு தந்துள்ளனர். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

வரலாறு

யாங்கோன் நகரின் நடுப்பகுதியில், அனோரத்தா சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள் இந்த 16 வயது மாணவி. தந்தை வழியில் மூன்று தலைமுறையாக இங்கே வாழும் தமிழர்கள். தாயின் தாயார் பர்மியப் பெண். ஐந்து மாதங்களாக நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது என்பதே முறையீடு. இதற்கு முன் ஒரு சிகிச்சையகத்தில் ஈசிஜி எடுத்து, இதயத்தில் கோளாறு இல்லை, படிப்பு பற்றிய பயம்தான் என்று சொல்லி, தேவைப்படும்போது போட்டுக்கொள்ள, இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனாலால் 10 மில்லிகிராம் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட நாட்களில் படியேறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வருவதாக அவள் சொன்னாள். இந்த ஒரு குறிப்பே, அவளது இதயம் ஏதோ ஒரு குறையை ஈடுகட்டத்தான் வேகமாகத் துடிக்கிறதோ, அந்த ஈட்டைத்தான் மருந்து தடுக்கிறதோ என்ற கேள்வியை எழுப்பியது.

தாயின் கருத்து முன்னதாகவே உறுதிப்பட்டிருந்தது. "பொதுத்தேர்வுக்குப் படிக்கிற புள்ளைக்குப் பயம் வரத்தானே செய்யும், டாக்டர்" என்றார். நான் மாணவியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பதின்பருவத்தினரிடம் வரலாறு கேட்கும்போது ஒரு பகுதியையேனும் பெற்றோர் இல்லாமல் கேட்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. மாதவிடாய், வெற்றிலை, உணவைத் தவிர்ப்பது, மனத்தை வருத்தும் செய்திகள் ஆகியவை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வெளிவருகின்றன.

அவள் விவரித்ததை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டேன். முதலாவது, படியேறும்போது வருவது. "மூணாம் மாடி வரும்போதே நெஞ்சு காதுக்குள்ள அடிக்கிற மாதிரி கேக்கும், டாக்டர், நின்னு நின்னுதான் போவேன்" என்றாள். யாங்கோனின் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும். செய்தித்தாளையும் காய்கறியையும் அதில் மாட்டி மேலே இழுத்துக்கொள்வது வழக்கம். இவள் சில மாதங்களாகத் தன் புத்தகப் பையை அந்தக் கயிற்றில் கட்டிவிட்டு, பாட்டி அதை மேலே இழுத்துக்கொள்ள, வெறுங்கையோடு படியேறி வந்திருக்கிறாள். வீட்டில் அதைச் சோம்பல் என்று நினைத்தார்கள். ஒரு மாணவி ஆறு மாடியைப் பையோடு ஏற முடியாமல் இப்படி வழி கண்டுபிடித்துக்கொள்வது, உழைப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்திருப்பதற்கு எந்த வினாப்படிவமும் தராத சான்று.

இரண்டாவது, இரவு பத்து மணிக்குப் பிறகு படிக்கும்போதும், படுத்த பிறகும் வருவது. மூன்றாவதை அவள் சொல்லத் தயங்கினாள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததன் பின் அண்ணன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். வாரம் இருமுறை இரவில் அழைப்பான். அழைப்பு வராத இரவுகளில் கை சில்லிட்டு, விரல் நுனிகள் மரத்து, மூச்சு போதாமல், நெஞ்சு அடித்துக்கொண்டு, ஏதோ நடந்துவிட்டது என்ற எண்ணம் பிடித்துக்கொள்ளும். இது பத்து இருபது நிமிடங்கள் நீடிக்கும். பரீட்சையைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை.

மயக்கமடைந்து விழுந்ததில்லை; விளையாடும்போது நெஞ்சுவலி வந்ததில்லை; குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் இல்லை. மூட்டு வீக்கத்துடன் கூடிய காய்ச்சல் வந்ததா என்று குறிப்பாகக் கேட்டேன். இதய வால்வுகளைக் கெடுக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் விட்டுப்போகாத நாட்டில் இந்தக் கேள்வியை விடக்கூடாது. அதுவும் இல்லை.

மாதவிடாய் 12 வயதில் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏழு எட்டு நாட்கள் நீடிக்கும், முதல் மூன்று நாட்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கும், கட்டிகளும் படும். தாய்க்கும் அப்படியே இருந்ததால், அதை இருவரும் இயல்பு என்றே எண்ணியிருந்தார்கள். மூக்கில் ரத்தம் வடிதல், பல் பிடுங்கியபின் நிற்காத ரத்தம், எளிதில் கன்றிப்போகும் தோல் ஆகியவை இல்லை. தொடக்கத்திலிருந்தே உதிரப்போக்கு அதிகமாக இருக்கும் பெண்களில் வான் வில்லிபிராண்ட் நோய் போன்ற ரத்த உறைதல் குறைபாடுகளை நினைவில் வைக்க வேண்டும் என்பதால் இவற்றைக் கேட்டறிந்தேன்.

உணவைப் பற்றிய பகுதி சற்று விரிவானது. காலையில் சாப்பிடாமல் கடைத்தெரு டீ ஒன்றைக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள். மதியம் வெள்ளைச் சோறும் ஏதேனும் ஒரு குழம்பும். மாலையில் டியூஷனுக்கு நடுவே தோழிகளுடன் லப்பெத் தோ, அதாவது ஊறவைத்த தேயிலையை எண்ணெய், வறுத்த பருப்பு, பூண்டு சேர்த்துப் பிசைந்த கலவை. அதனுடன் மீண்டும் டீ. இரவில் விழித்திருக்க, பாலும் சர்க்கரையும் கலந்தே வரும் உடனடி காபித் தூள் பொட்டலங்கள் இரண்டு அல்லது மூன்று. கோயில் தீமிதி நேர்த்திக்காகக் குடும்பம் முழுவதும் இருந்த மரக்கறி விரதம் முடிந்த பிறகும், எடை கூடிவிடும் என்ற எண்ணத்தில் அவள் மட்டும் இறைச்சியும் மீனும் பக்கம் திரும்பவில்லை. வெற்றிலை போடுவதில்லை என்றாள்.

எழுந்து போகும் நேரத்தில் பாட்டி சொன்ன ஒரு செய்தி, பரிசோதனைக்கூட முடிவுக்கு முன்பே பாதி விடையைத் தந்துவிட்டது. பேத்தி அரிசிப் பானையைத் திறந்து கை நிறையப் பச்சை அரிசியை அள்ளி மென்றுகொண்டே படிக்கிறாள்; கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று சொல்லியும் கேட்கவில்லை என்பது அவரது குறை. உணவல்லாதவற்றையோ சமைக்காத அரிசி, மாவு, பனிக்கட்டி போன்றவற்றையோ அடக்க முடியாமல் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவில் நன்கு அறியப்பட்ட அறிகுறி. நம் வீடுகளில் அது கண்டிப்புக்குரிய பழக்கமாக மட்டுமே பார்க்கப்படுகிறது.

பரிசோதனைகள்

எடை 44 கிலோ, உயரம் 155 செ.மீ. ரத்த அழுத்தம் 104/66. படுத்த நிலையில் நாடித்துடிப்பு 96. எழுந்து நின்று பத்து நிமிடங்களில் 121. நிற்கும்போது துடிப்பு 25 கூடியது. பதின்பருவத்தில் நிலைமாற்றத் துடிப்பு மிகைப்பு என்று சொல்ல ரத்த அழுத்தம் இறங்காமலேயே 40 அல்லது அதற்கு மேல் கூட வேண்டும் என்பதால் அந்த நோயறிதல் பொருந்தவில்லை. கண் இமையின் உட்புறம் வெளிறியிருந்தது. இடப்பக்க மார்பெலும்பு ஓரத்தில் மெல்லிய முணுமுணுப்பு ஒலி, ரத்தசோகையில் ரத்தம் விரைந்து பாயும்போது கேட்கும் வகை. கால் வீக்கம் இல்லை. முழங்கால் அனிச்சைச் செயலும் பாத உணர்வும் இயல்பு. தைராய்டு வீங்கவில்லை, கை நடுக்கம் இல்லை.

ஈசிஜியில் சைனஸ் தாளம், அதாவது இதயத்தின் இயல்பான தாளம், வேகம் 102. தாளக் கோளாற்றைக் காட்டும் அடையாளங்கள் இல்லை: பிஆர் இடைவெளி குறுகவில்லை, டெல்டா அலை இல்லை, கியூடி இடைவெளி நீளவில்லை. இதயத்தின் ஒலியலைப் படமான எக்கோ இயல்பு; வால்வுகளில் ருமாட்டிக் பாதிப்பு இல்லை. உடலில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் எடுக்கும் 24 மணி நேர ஈசிஜியான ஹோல்டர் பதிவை, அவள் தன் கையால் எழுதிய நேரக் குறிப்புகளுடன் ஒப்பிட்டேன்: படியேறியபோது 148, காபி குடித்த பின் 110 முதல் 118, இரவுப் பதற்றத்தின்போது 126, எல்லாம் சைனஸ் தாளமே, மெல்ல ஏறி மெல்ல இறங்கியவை.

இந்த ஒப்பீட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் மேலறை மிகைத்துடிப்பு உறுதிசெய்யப்பட்ட 107 நோயாளிகளில் 67 விழுக்காட்டினர் பீதி நோய்க்கான அறிகுறி வரையறைக்குள்ளும் அடங்கினார்கள். பாதிக்கும் மேற்பட்டோரில் உண்மையான நோய் முதல் மருத்துவப் பார்வையில் கண்டறியப்படவில்லை. பதற்றத்தின் அறிகுறிகள் இருப்பது இதயத் தாளக் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது. படபடப்பு வராத நேரத்தில் எடுத்த ஒற்றை ஈசிஜி, அதிலும் குறைவாகவே சொல்லும்.

ரத்த முடிவுகள்: ஹீமோகுளோபின் 9.8 கிராம்/டெசிலிட்டர், சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு, அதாவது எம்சிவி, 66, சிவப்பணு எண்ணிக்கை 49 லட்சம், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5 மைக்ரோகிராம்/லிட்டர், அழற்சியைக் காட்டும் சிஆர்பி இயல்பு, தைராய்டின் செயலைக் காட்டும் டிஎஸ்ஹெச் இயல்பு, பி12 312 பிகோகிராம்/மில்லிலிட்டர், மெக்னீசியம் 0.82 மில்லிமோல்/லிட்டர், பொட்டாசியம், கால்சியம் இயல்பு, வைட்டமின் டி 14 நானோகிராம்/மில்லிலிட்டர். பதற்றத்துக்கான ஜிஏடி-7 வினாப்படிவத்தில் 21-க்கு 15 மதிப்பெண். இது கடுமையான பதற்றம் தொடங்கும் எல்லை.

எண்களைப் படித்த விதம்

ஃபெரிட்டினில் ஐயத்துக்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அழற்சி இல்லாத பதின்பருவத்தினரில் 15-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அழற்சியோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் அதனுடன் சிஆர்பியையும் கேட்டேன். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இன்னும் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே சேமிப்பு வற்றிப்போன பிள்ளைகள் பலர் உண்டு, அவர்களும் களைப்பையும் படபடப்பையும் சொல்கிறார்கள். மியன்மாவில் 2015–16-இல் நடந்த மக்கள்தொகை நலவாழ்வுக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 47 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதைக் காட்டியது. இந்த மண்ணில் ஒரு மாணவி படபடப்புடன் வரும்போது ஃபெரிட்டின் கேட்காமல் பயம் என்று சொல்வதற்கு நியாயம் இல்லை.

எம்சிவி 66 என்பது சற்று யோசிக்க வைத்தது. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில் 4.9) வகுத்தால் 13.5 வருகிறது, 13-க்கு மேல் இரும்புக் குறைவு, கீழே தலசீமியா எனும் பரம்பரை ரத்தக் குறைபாட்டு வகை என்ற பழைய கணக்கு, எல்லைக்கோட்டில் நிற்கும்போது நம்பத்தக்கதல்ல. தென்கிழக்கு ஆசியாவில், ஹீமோகுளோபினின் மாறுபட்ட வடிவமான ஹீமோகுளோபின் ஈ மிகப் பரவலான மரபுக்கூறு. தாய்வழிப் பாட்டி பர்மியர் என்பதால் அது இந்தக் குடும்பத்திலும் இருக்கக்கூடும். ஆனால் இரும்புக் குறைவு இருக்கும்போது ஹீமோகுளோபின் ஈ-யின் விகிதம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எனவே அந்தப் பரிசோதனையை இரும்பு நிறைந்த பிறகு செய்வதென்று தள்ளிவைத்தேன்.

மெக்னீசியம் இயல்பாக வந்ததை வைத்து உடலில் அது போதுமானது என்று அடித்துச் சொல்ல முடியாது. உடலின் மொத்த மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்கும் ரத்தத்தில் இல்லை. ஆனால் வாந்தி, பேதி, நீர் இறக்கி மருந்து, குடல் நோய் ஏதும் இல்லாத, பொட்டாசியமும் கால்சியமும் இயல்பாக உள்ள ஒரு பிள்ளைக்கு, எண்ணும் இயல்பாக இருக்கும்போது, மெக்னீசியம் கொடுப்பதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை. மெக்னீசியம் பதற்றத்தைக் குறைக்கும் என்று பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் பெரியவர்களிடம் நடந்தவை, அளவில் சிறியவை. வைட்டமின் பி6 பற்றி 2022-இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு, நாளுக்கு 100 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட இளையோர் தாங்களே மதிப்பிட்ட பதற்றம் ஓரளவு குறைந்ததைக் காட்டியது. எனினும் அது இயல்பான உணவில் கிடைக்கும் அளவைவிடப் பல மடங்கு, நீண்ட காலம் எடுத்தால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் நரம்புச்சத்து மாத்திரைகளைப் பெற்றோர் தாங்களே வாங்கிக் கொடுப்பதை இதனால்தான் கண்டிப்புடன் தடுக்கிறேன்.

வைட்டமின் டி குறைவாக இருந்தது உண்மை. அதற்கும் படபடப்புக்கும் நேரடித் தொடர்பு காட்ட ஆதாரம் இல்லை. எலும்புக்காகச் சரிசெய்ய வேண்டியது, அவ்வளவே.

தயமின், அதாவது பி1, பர்மாவில் தனியாக நினைக்க வேண்டிய சத்து. தீட்டிய வெள்ளரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டும் சமையலில் அது பெரும்பாலும் போய்விடுகிறது; டீயிலும் வெற்றிலைப் பாக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் எஞ்சியதையும் செயலிழக்கச் செய்கின்றன; வேகவைக்காத மீனில் அதைச் சிதைக்கும் நொதி உண்டு. உடலில் இதன் சேமிப்பு மொத்தமே 25 முதல் 30 மில்லிகிராம் என்பதால், உணவில் நின்றுபோன சில வாரங்களில் தீர்ந்துவிடும். பி1 குறைவால் வரும் நோயான பெரிபெரியின் இதய வகையில் ஓய்விலும் நாடி விரைவாக ஓடும். இந்த இடத்தில் நம்மவர்களின் வரலாறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், வெள்ளரிசி உண்டவர்களைப் பெரிபெரி வாட்டியபோது புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் தீண்டவில்லை என்பதை 1907-இல் எழுதினார். நெல்லைப் புழுக்கும்போது உமியடித் தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் ஊறிவிடுவதே அதற்குக் காரணம். யாங்கோனில் நம் வீடுகள் பலவற்றில் இன்று புழுங்கலரிசி இல்லை. இவளிடம் கால் மரத்தல், கணுக்கால் வீக்கம், அனிச்சைச் செயல் குறைதல் எதுவும் இல்லாததால் பி1 மாத்திரை தொடங்கவில்லை. அந்த அடையாளங்களில் ஒன்று தென்பட்டிருந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே கொடுத்திருப்பேன், ஏனெனில் அது மலிவானது, பாதுகாப்பானது, தாமதம் மட்டுமே ஆபத்தானது.

சிகிச்சையும் தொடர்கண்காணிப்பும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது எதைச் சரிசெய்தது என்பது தெரியாமல் போகும். எனவே ஒவ்வொன்றின் விளைவும் எப்போது தெரியும் என்பதை மனத்தில் வைத்து வரிசைப்படுத்தினேன். இரும்பை முதல் நாளே தொடங்கினேன். ஹீமோகுளோபின் அதற்கு விடை சொல்ல மூன்று நான்கு வாரங்கள் ஆகும். காபியைக் குறைப்பதன் பலன் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். வைட்டமின் டி காத்திருக்கலாம்.

இரும்பு, ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, அதாவது சுமார் 65 மில்லிகிராம் இரும்பு, ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் இருமுறை மும்முறை கொடுக்கும் பழைய முறையைவிட இதைத் தேர்ந்ததற்குக் காரணம், ஒருமுறை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் உயர்ந்து அடுத்த 24 மணி நேரத்துக்குக் குடல் இரும்பை ஏற்பதைக் குறைத்துவிடுகிறது என்பதுதான். இரும்புக் குறைவுள்ள இளம் பெண்களில் ஒருநாள் இடைவெளியே கூடுதல் இரும்பை உள்ளேற்றுகிறது என்பதை 2017-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. வயிற்றெரிச்சலும் குறைவு என்பதால் பிள்ளைகள் பாதியில் நிறுத்துவதில்லை. மாத்திரையுடன் கொய்யாப்பழம் அல்லது எலுமிச்சைச் சாறு. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு டீ, லப்பெத், பால் கூடாது. மலம் கறுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சொல்லாவிட்டால் அந்தப் பயமே அடுத்த படபடப்பாக வரும்.

உதிரப்போக்குக்கு, மாதவிடாயின் முதல் நான்கு நாட்கள் டிரானெக்ஸாமிக் அமிலம். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒருமுறை. ப்ரோப்ரனாலால் நிறுத்தப்பட்டது. உணவில் பாட்டியின் உதவியை நாடினேன்: காலையில் யாங்கோன் தெருக்களில் எளிதாகக் கிடைக்கும் வேகவைத்த பட்டாணியும் முட்டையும், வாரத்தில் இரண்டு நாள் கோழி ஈரல், முருங்கைக்கீரை, புளிச்சகீரை. கீரை மட்டுமே 5 என்ற ஃபெரிட்டினை உயர்த்திவிடும் என்று நம்பிக் காத்திருப்பதை நான் ஏற்பதில்லை. கீரையில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் ஏற்கிறது.

காபியின் கணக்கை அவளோடு சேர்ந்து போட்டேன். டீ, காபிப் பொட்டலங்கள், லப்பெத் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 250 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டும் என்று கணித்தோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் பதின்பருவத்தினருக்குச் சொன்ன உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவின்படி, 44 கிலோவுக்கு 132-தான் வரம்பு. சட்டென்று நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைக்கச் சொன்னேன். மாலை நான்கு மணிக்குப் பிறகு முற்றிலும் இல்லை.

இரண்டாவது வாரத்தில் இரவுப் படிப்பின்போது வரும் படபடப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. படியேறும்போது வருவதில் மாற்றமே இல்லை. ஜிஏடி-7 மதிப்பெண் 13. இந்த முன்னேற்றத்தை இரும்பின் கணக்கில் எழுத முடியாது. அதற்கான காலம் இன்னும் வரவில்லை.

நான்காவது வாரத்தில் ஹீமோகுளோபின் 10.9. அரிசி மெல்லும் ஆசை போய்விட்டது என்று பாட்டியே முதலில் சொன்னார். நான்காம் மாடி வரை நிற்காமல் ஏறினாள். பத்தாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 12.0, ஃபெரிட்டின் 18, ஓய்வில் நாடி 78. பையோடு ஆறு மாடியும் ஏறினாள். மதிப்பெண் 9.

ஆனால் அண்ணனின் அழைப்பு வராத இரவுகளில் வருவது முற்றிலும் போகவில்லை. வேகம் குறைந்தது, நேரம் சுருங்கியது, வருவது நிற்கவில்லை. அந்த நிலையில் இரும்பின் அளவை இன்னும் உயர்த்திப் பார்ப்பதோ, வேறு சத்துகளைத் தேடுவதோ அவளுக்குச் செய்யும் நியாயமாகாது. ஒரு தங்கை தன் அண்ணனுக்காகப் படும் கவலைக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அதை எந்த மாத்திரையும் நீக்காது, நீக்கவும் வேண்டியதில்லை. அந்தக் கவலை உடலைப் பிடித்து ஆட்டாமல் இருக்க வழி செய்வதே மருத்துவத்தின் வேலை. விரைந்து மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்துப்போகின்றன என்பதை விளக்கி, மெதுவாக மூச்சை வெளியே விடும் பயிற்சியை அறையிலேயே செய்து காட்டினேன். மனநல ஆலோசகர் ஒருவரிடம், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தொடங்கப்பட்டது. அண்ணனிடம் தாய் பேசி, அழைக்க முடியாத நாட்களில் ஒரு வரிச் செய்தியாவது அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். இந்த ஏற்பாடு ஆலோசனைக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல.

விவாதம்

இரும்புக் குறைவுக்கும் பதற்றத்துக்கும் இடையே உள்ள தொடர்பு கற்பனையல்ல. தைவானில் நாடு தழுவிய காப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு செய்து 2013-இல் வெளியான ஆய்வில், இரும்புக் குறைவு ரத்தசோகை உள்ள சிறார்களிடமும் பதின்பருவத்தினரிடமும் பதற்ற நோய் ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. மூளையில் டோபமினையும் செரட்டோனினையும் உருவாக்கும் நொதிகளுக்கு இரும்பு தேவை. எனவே உயிரியல் விளக்கமும் இருக்கிறது. இருந்தாலும் இவை சேர்ந்து காணப்படுவதைக் காட்டுகின்றனவே தவிர, ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதை நிறுவவில்லை. பதற்றம் உள்ள பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, டீயைக் குடித்தே நாளை ஓட்டுகிறது; அதனால் இரும்பு குறையலாம். வறுமை இரண்டையும் ஒருசேரக் கொண்டுவரலாம்.

இந்த நிகழ்வில் நான் நம்புவது இன்னும் எளிய ஒரு வழி. ரத்தசோகையில் ஒவ்வொரு துளி ரத்தமும் சுமக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதால் இதயம் வேகமாக இறைக்கிறது. அந்தத் துடிப்பை உணர்ந்த பிள்ளை அஞ்சுகிறது. அச்சத்தில் அட்ரினலின் சுரந்து துடிப்பு மேலும் கூடுகிறது. காஃபீன் அதற்கு எண்ணெய் வார்க்கிறது. இரும்பு நிறைந்ததும் அவளது ஓய்வுத் துடிப்பு 96-இலிருந்து 78-க்கு இறங்கியது. கவலை வந்த இரவுகளிலும் துடிப்பு ஏறத் தொடங்கும் நிலை அந்த அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பதற்றத்தின் கடுமை குறைந்ததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் தூக்கம் கூடியதும், யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுமையாகக் கேட்டதும் அதில் பங்கு வகித்திருக்கும். ஒரே ஒரு நோயாளியை வைத்து இவற்றைத் தராசில் தனித்தனியாக நிறுக்க முடியாது.

இதே காலத்தில் டீக்கடை ஒன்றில் வேலை செய்யும் 17 வயது இளைஞனும் படபடப்புடன் வந்தான். வேறிடத்தில் மூன்று மாதமாகச் சத்து மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். ஃபெரிட்டின் 64, ஹீமோகுளோபின் 14.1, ஈசிஜியும் ஹோல்டரும் இயல்பு. நாள் முழுக்க வாயில் வெற்றிலைப் பாக்கு, இரவுப் பணிக்கு ஊக்கபானம். பாக்கிலுள்ள அரிகோலின் வியர்வையையும் முகச் சிவப்பையும் படபடப்பையும் தரக்கூடியது. இரண்டையும் நிறுத்திய சில நாட்களில் தொல்லை நின்றது. அவனுக்கு எந்தச் சத்தும் தேவைப்படவில்லை.

பின்னிலை

ஐந்தாவது மாத முடிவில் மாணவியின் ஹீமோகுளோபின் 12.2, ஃபெரிட்டின் 34. எம்சிவி 77-க்கு மேல் ஏறவில்லை. முன்பு தள்ளிவைத்த பரிசோதனை அப்போது செய்யப்பட்டு, ஹீமோகுளோபின் ஈ 27 விழுக்காடு என்று வந்தது. அவள் அதன் ஒற்றை மரபுக்கூறைச் சுமப்பவள். இது நோயல்ல, படபடப்புக்கும் காரணமல்ல. ஆனால் இதை அறியாத ஒருவர், சிறுத்த சிவப்பணுக்களை மட்டும் பார்த்து அவளுக்கு வருடக்கணக்கில் இரும்பு கொடுத்துக்கொண்டே இருக்கக்கூடும் என்பதால், முடிவை எழுதி அவள் கையிலேயே கொடுத்தேன். பிற்காலத்தில் திருமணம் பேசும்போது எதிர்த்தரப்பில் பீட்டா தலசீமியாக் கூறு இருக்கிறதா என்று பார்ப்பது ஏன் முக்கியம் என்பதையும் தாயிடம் விளக்கினேன். இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டிய நோயாகவும் ஆகலாம்.

ஜிஏடி-7 மதிப்பெண் 8-இல் நிற்கிறது, ஆலோசனை தொடர்கிறது. வைட்டமின் டி பத்தாவது வாரத்துக்குப் பிறகு கொடுக்கப்பட்டு 31-ஐ எட்டியிருக்கிறது. அது உயர்ந்ததால் படபடப்பிலோ பதற்றத்திலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. இரும்பு நிறுத்தப்பட்டுள்ளது, மாதவிடாய் இன்னும் ஆறு நாட்கள் நீடிப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். மகளின் கதையைக் கேட்டுத் தானாகவே பரிசோதனைக்கு வந்த தாயின் ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 7. அவருக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. 13 வயதுத் தங்கையின் ரத்தம் அடுத்த வாரம் எடுக்கப்படும்.